மலையை விட்டுவிட்டு எங்கள் மாவட்டத்தை எழுதாதீர்கள்

குமரி மாவட்டத்தை ஊருக்கெல்லாம் அறிமுகப்படுத்தும் வேலையில் இருக்கிற ஐயாமார், அம்மாமார் எல்லோருக்கும்,

வணக்கம். கையேடு அடிக்கிறவர்கள், ரயில் நிலையத்துக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் வரைபடப் பலகை எழுதுகிறவர்கள், மாவட்டத்தைப் பற்றி மூன்று நிமிட வீடியோ எடுக்கிறவர்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘நம் மாவட்டம்’ என்று பாடம் தயாரிக்கிறவர்கள், இவர்களுக்கெல்லாம் உத்தரவு போடுகிற மேலதிகாரிகள் என்று எல்லோரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தனித்தனியாக எழுதினால் ‘இது எங்கள் துறை இல்லை’ என்று பதில் வரும். அதனால் ஒரே மடலாக, எல்லோரும் பார்க்கும்படி எழுதிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். நீங்கள் காட்டுகிற குமரி மாவட்டம் முக்கடலில் ஆரம்பித்து திற்பரப்பில் முடிந்துவிடுகிறது. விவேகானந்தர் பாறை வருகிறது, 133 அடி வள்ளுவர் வருகிறார், இரண்டுக்கும் நடுவே 2024 டிசம்பர் 30-ல் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் வருகிறது, சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், அப்புறம் அருவியில் ஒரு குளியல், முடிந்தது. அதற்கு வடக்கே வெறும் பச்சை வர்ணம். அந்தப் பச்சைக்குள் ஓர் ஊர்ப் பெயர்கூட இருக்காது. சில பலகைகளில் ஒரு யானை வரைந்திருக்கும், அதுவும் எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கும்.

மாவட்டத்தின் பரப்பு சுமார் 1,672 சதுர கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காடு. ஆக, படத்தில் பச்சையடித்து மூடியிருப்பது ஓரம் சாரம் இல்லை, மாவட்டத்தின் பெரிய துண்டு. அதற்குள் ஆட்கள் இருக்கிறார்கள், பள்ளிக்கூடம் இருக்கிறது, ஓட்டு இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது.

நான் குலசேகரம் பக்கத்துக்காரன். ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் நல்லமிளகும் வாங்கி விற்கிற சின்ன வியாபாரி. மலையில் இருக்கிறவர்கள் என் கடைக்கு வருவார்கள், நானும் அவர்கள் ஊருக்குப் போய்வருவேன், இந்த மடல் எழுத எனக்கு இருக்கிற தகுதி அவ்வளவுதான். நான் காணிக்காரன் இல்லை, காணிகள் என்றால் இந்த மலையின் பழங்குடி ஜனம். அவர்கள் சார்பில் பேசு என்று யாரும் எனக்குச் சீட்டு எழுதித் தரவும் இல்லை. ஆனால் ஒரு மாவட்டத்துக்காரன் என்ற முறையில், என் மாவட்டத்தைப் பாதி மட்டும் வரைந்து மாட்டுவதைக் கேட்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் நிலம் எப்படிக் கிடக்கிறது என்பதையாவது சரியாக எழுதுங்கள். ‘மேற்குத் தொடர்ச்சி மலை முடியும் இடம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டு நேராகக் கடற்கரைக்கு ஓடிவிடுகிறீர்கள். மலை அப்படிச் சட்டென்று முடிவதில்லை. நெல்லை மாவட்ட எல்லையில் மகேந்திரகிரி 1,654 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அங்கிருந்து தெற்கே சரிந்து ஆரல்வாய்மொழிக் கணவாயில் கொஞ்சம் வழி விட்டு, பிறகு காற்றாடிமலை, மருந்துவாழ்மலை என்று தனித்தனிக் குன்றுகளாகக் கடல் பக்கம் போகிறது. மறுபக்கம் அசம்பு மலை, கீரிப்பாறை, பாலமோர், மாறாமலை, முத்துக்குழிவயல், கோதையாறு என்று ஏறியும் இறங்கியும் வடமேற்கே போய் ஆறுகாணி, பத்துகாணி பக்கம் கேரளத்தைத் தொடுகிறது. காற்றாடிமலையில்தான் 1752-ல் தேவசகாயம் பிள்ளையைச் சுட்டுக் கொன்றார்கள். கணவாயில் நின்ற கோட்டையைத் தாண்டித்தான் 1809 பிப்ரவரியில் வேலுத்தம்பி தளவாய்க்கு எதிராகக் கும்பினிப் படை திருவிதாங்கூருக்குள் புகுந்தது. இன்றைக்கு அதே கணவாயில் புகுந்து வருகிற காற்றில்தான் முப்பந்தல் காற்றாலைகள் சுற்றுகின்றன, ஆனி ஆடியில் அந்த வழியே பைக்கில் போய்ப் பாருங்கள், வண்டி நீங்கள் சொல்கிற பக்கம் போகாது.

மழையும் அப்படித்தான். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழைதான் கதி, எங்களுக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, துலாமாத மழை என்கிற அந்த வடகிழக்கு மழையும் உண்டு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று நாஞ்சில் நாட்டில் இரண்டு போகம் நெல் விளைந்ததற்கு இந்த இரட்டை மழையும் அதைத் தடுத்துப் பிடிக்கிற மலையும்தான் காரணம். ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே உடைமரமும் பனையும் நிற்கிற காய்ந்த பூமி. அங்கிருந்து பஸ் ஏறிக் குலசேகரம் வந்து பேச்சிப்பாறைக்குப் போனால் காலில் அட்டை ஏறும். இத்தனை சின்ன மாவட்டத்துக்குள் இத்தனை வேறு வேறு நிலம் கிடப்பதைச் சொல்லாமல் சூரிய உதயத்துக்கு மட்டும் நான்கு பக்கம் ஒதுக்குவது எனக்குப் புரியவே இல்லை. சூரியன் எங்கேயும் உதிக்கும்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். நாஞ்சில் நாட்டு வயலைப் படம் பிடித்துப் போடாத கையேடு கிடையாது. அந்த வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? 1897-ல் தொடங்கி 1906-ல் முடித்த பேச்சிப்பாறை அணையிலிருந்து, திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில், மிஞ்சின் என்கிற இஞ்சினியர் கட்டியது. அவரை அணைக்குப் பக்கத்திலேயே அடக்கமும் செய்திருக்கிறார்கள். அணையின் முழு நீர்மட்டம் 48 அடி. பரளியாற்றில் பெருஞ்சாணி 77 அடி. அதோடு இரண்டு சிற்றாறு அணைகள். இவற்றிலிருந்து தோவாளைக் கால்வாய், அனந்தனாறு, பத்மநாபபுரம் புத்தனாறு, பட்டணங்கால் என்று பிரிந்து ஓடி, கடைசியில் மாவட்ட எல்லையும் தாண்டி ராதாபுரம் வரைக்கும் போகிறது. 1966-ல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நின்று செல்ஃபி எடுக்கச் சொல்கிறீர்கள். 115 அடி உயரத்தில் அந்தத் தொட்டிக்குள் ஓடுகிறது கோதையாற்று மலைத்தண்ணீர் என்று இன்னொரு வரி சேர்த்து எழுதினால் என்ன குறைந்துவிடும்?

கோதையாற்றில் கரண்டும் எடுக்கிறார்கள், 60 மெகாவாட்டும் 40 மெகாவாட்டுமாக இரண்டு நிலையங்கள். இதில் ஒரு வேடிக்கை. கீழ்க் கோதையாற்றில் நின்று அண்ணாந்து பார்த்தால் மேல் கோதையாறு மலை தெரியும். சாலைவழி அங்கே போக வேண்டுமென்றால் மாவட்டத்தை விட்டு வெளியே போய், மணிமுத்தாறு, மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று நெல்லைச் சீமையைச் சுற்றித்தான் ஏற வேண்டும். மின்வாரியத்தின் வின்ச், அதாவது கம்பிவடத்தில் இழுக்கிற வண்டி, ஒன்று நேராக ஏறும், அது ஊழியர்களுக்கு. இதெல்லாம் படத்தைப் பார்த்தால் தெரிகிற விஷயமா? படத்தில் போட்டால்தானே தெரியும்.

பேச்சிப்பாறையில் 42 அடி தாண்டினால் வெள்ள எச்சரிக்கை வரும். உபரித் தண்ணீர் திறந்தால் திற்பரப்பில் குளிக்கத் தடை. அது உடனே எல்லாச் செய்தியிலும் வரும், சுற்றுலாப் பயணிகள் ஏமாற்றம் என்று தலைப்புப் போடுவார்கள். அதே மழையில் மோதிரமலை, குற்றியாறு போகிற வழியில் தரைப்பாலம் முங்கி, பஸ் நின்று, பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் வீட்டில் இருப்பார்கள். அது ஊர்க்காரர் வாட்ஸ்அப்பில் மட்டும் வரும். மழைக்காலத்தில் இது எங்களுக்குப் பழகிப்போன செய்தி, அதைப் பழகிப்போனது என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. அணைக்கு மறுகரையில் தச்சமலை, தோட்டமலை என்று காணிக் குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கிருந்து இந்தக் கரைக்கு வர வள்ளம்தான் வழி. அரிசி மூட்டை வள்ளத்தில் போகிறது, ஷீட் கட்டு வள்ளத்தில் வருகிறது, பிரசவ வலி கண்ட பெண்ணும் வள்ளத்தில்தான் வருகிறாள். கடலில் 77 மீட்டருக்குக் கண்ணாடியில் பாலம் போட்டதை நான் குறை சொல்லவில்லை, நானும் குடும்பத்தோடு போய் நடந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாலம் போடத் தெரிந்த அரசுதான் இது என்பதும் அன்றைக்கு உறுதியாகிவிட்டது.

காணிகளைப் பற்றி நீங்கள் எழுதும்போது, எழுதினால், ‘மலைவாழ் மக்கள் தேன் எடுத்துக் காய்கிழங்கு தோண்டி வாழ்கிறார்கள்’ என்பதோடு நிறுத்திவிடுகிறீர்கள். என் கடைக்கு வருகிற காணிக்காரர் ரப்பர் விவசாயி. காலையில் இருட்டோடு எழுந்து பால் வெட்டி, சிரட்டையில் வடிந்த பாலை எடுத்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் போட்டு, புகைப்புரையில் காயவைத்துக் கொண்டுவருகிறார். போனில் கோட்டயம் விலை பார்த்துவிட்டுத்தான் என்னிடம் பேச்சையே ஆரம்பிப்பார். (எங்கள் ரப்பருக்குக் கோட்டயத்தில் விலை சொல்கிறார்கள் என்பது தனிச் சங்கடம், அதற்கு வேறு மடல் எழுத வேண்டும்.) மிளகு, மரச்சீனி, வாழை, கொஞ்சம் பாக்கு எல்லாம் உண்டு. பன்றி வந்து மரச்சீனியைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போவதும், யானை வாழையை மிதித்துவிட்டுப் போவதும் உண்டு. அதே மனிதர்களிடம் பழையதும் இருக்கிறது. ஊருக்கு மூட்டுக்காணி உண்டு, வழக்கு வந்தால் அவர் முன்னால் பேசுவார்கள். நோய்க்கும் தெய்வத்துக்கும் பிலாத்தி உண்டு. கொக்கரை என்கிற இரும்பு வாத்தியத்தை இழைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கச் சாற்றுப்பாட்டு பாடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கிறது. பாட்டை மட்டும் விழா மேடைக்குக் கூட்டிவந்து பத்து நிமிடம் பாடவைத்துச் சால்வை போட்டு அனுப்புகிற வழக்கம் நமக்கு இருக்கிறது. மேடையில் இருந்து இறங்குகிறவரிடம் ‘ஊருக்குப் போக இப்போது பஸ் இருக்கிறதா’ என்று யாராவது கேட்டதுண்டா?

மார்த்தாண்டவர்மாவுக்கு உங்கள் கையேட்டில் ஒரு முழுப்பக்கம் கிடைக்கிறது, 1741 குளச்சல் போர், டச்சுக்காரர்கள், எல்லாம் சரி. அவரை எதிர்த்த பிரபுக்களான எட்டு வீட்டுப் பிள்ளைமாரிடமிருந்து அவர் தப்பி ஓடிய நாட்களில் காட்டுக்குள் ஒளித்துவைத்துச் சோறு போட்டது எங்கள் முன்னோர் என்று காணிகள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அந்தப் பக்கத்தில் இதற்கு இரண்டு வரி இடம் இருக்காதா?

எல்லையைப் பற்றியும் ஒழுங்காக எழுதுங்கள். 1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன, அதற்காக 1954-ல் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், மார்ஷல் நேசமணி பெயரை ஊரறியும். நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு எல்லாம் அந்தப் பக்கம் நின்றன. இதுவரை எல்லோரும் எழுதுகிறார்கள். எல்லைக்கோடு மலையில் எப்படிப் போகிறது என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. களியக்காவிளையில் செக்போஸ்ட் இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது, நவராத்திரிக்கு பத்மநாபபுரத்து சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் போகும்போது இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செய்கிறார்கள். மலையில் அப்படி எதுவும் கிடையாது. ஆறுகாணிக்காரர் சந்தைச் சாமான் வாங்க வெள்ளறடைக்குப் போவது வேறு மாநிலத்துக்குப் போவதாக அவருக்குத் தோன்றுவதே இல்லை. அந்தப் பக்கத்து மலையில் சித்ரா பௌர்ணமிக்குக் காளிமலை ஏறுகிறார்கள், தவக்காலத்தில் குரிசுமலை ஏறுகிறார்கள். கூட்டத்தில் யார் எந்த மாநிலம் என்று பேச்சை வைத்துச் சொல்ல முடியாது, விளவங்கோட்டுத் தமிழும் தெக்கன் மலையாளமும் அவ்வளவு ஒட்டிக் கிடக்கிறது.

ஆனால் அரசுக் காகிதத்தில் அந்தக் கோடு நன்றாக வேலை செய்யும். அகத்தியமலைச் சரிவில் அந்தப் பக்கம் இருக்கிறவர்களும் காணிகள்தான், இந்தப் பக்கம் இருக்கிறவர்களும் காணிகள்தான், பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு. ஆரோக்கியப்பச்சை என்று ஒரு செடி. மலையேறிக் களைத்துப்போன விஞ்ஞானிகளுக்கு 1987-ல் கேரளத்துக் காணிகள் அதன் காயைத் தின்னக் கொடுத்தார்கள், களைப்புப் போய்விட்டது. அந்த அறிவிலிருந்து ‘ஜீவனி’ என்று மருந்து வந்தது, 1995-ல் உரிமம் ஒரு மருந்து நிறுவனத்துக்குப் போனது, வருமானத்தில் ஒரு பங்கு காணிகளுக்குப் போக வேண்டும் என்று 1997-ல் அறக்கட்டளையும் வந்தது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்ததற்கு உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகச் சொல்லும் கதை இது, அதில் இருக்கிற சண்டை சச்சரவையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். அந்த அறக்கட்டளை கேரளத்துக் காணிகளுக்கானது. மலை ஒன்று, ஜனம் ஒன்று, கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்தவர் அதில் இல்லை. நம் பிள்ளைகளின் பாடத்தில் இந்தக் கதையாவது இருக்கலாம் அல்லவா?

பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறைதான் பார்த்துக்கொள்கிறது. அதைக் கையேட்டில் தவறாமல் ஆச்சரியமாக எழுதுகிறீர்கள். நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் 2004 முதல் விளவங்கோட்டுக்குத் தண்ணீர் வரவில்லை, 2012-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றம் போனது. அதை எழுதுவதில்லை. சுற்றுலாவுக்குக் கசப்பு ஆகாது போலிருக்கிறது.

மலையில் காணிகள் மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நானும் உங்களைப் போலவே பாதி எழுதியதாகிவிடும். வெள்ளைக்காரத் துரைமார் வந்து அசம்பு மலையில் காப்பி போட்டார்கள், அப்புறம் தேயிலை, கிராம்பு, ரப்பர் என்று மாறி மாறி வந்தது. 1984-ல் அரசு ரப்பர் கழகம் வந்தது. அங்கே பால் வெட்டப் போனவர்களில் நிறையப் பேர் இலங்கையிலிருந்து திரும்பி வந்த மலையகத் தமிழர்கள், 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தப்படி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். கண்டியில் தேயிலை கிள்ளிய கை கீரிப்பாறையிலும் மணலோடையிலும் வந்து ரப்பர் மரத்தில் கத்தி பிடித்தது. அவர்களுடைய லைன் வீடுகள் இருக்கின்றன, மாரியம்மன் கோயில் இருக்கிறது, அவர்கள் பேசுகிற தமிழ் எங்கள் தமிழ் மாதிரி இருக்காது, கேட்க வேறு சுகம். மாவட்டத்தின் மக்கள் என்று நீங்கள் ஒரு பட்டியல் போடும்போது இவர்கள் எந்த வரியிலும் வருவதில்லை. நாடார், நாயர், வெள்ளாளர், மீனவர் என்று எழுதுகிறீர்கள், தக்கலை பீர்முகமது அப்பாவை எழுதுகிறீர்கள், சாமித்தோப்பை எழுதுகிறீர்கள், எல்லாம் வேண்டியதுதான். இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து அரை நூற்றாண்டாக இங்கேயே பால் வெட்டிச் சாகிறவனும் குமரிக்காரன்தான்.

கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உடனே கிராம்பு படம் எல்லா விளம்பரத்திலும் ஏறிவிட்டது. கடற்கரை மணலில் கிராம்பு விளையாது. மாறாமலை மாதிரி உயரத்தில், மஞ்சு இறங்குகிற இடத்தில், மரத்தோடு ஏணி சாய்த்துக் கட்டி ஏறி, மொட்டு விரிவதற்கு முன்னால் கொத்துக் கொத்தாகப் பறித்து, தரையில் பரப்பி வெயில் கிடைக்கிற நேரம் பார்த்துக் காயவைக்கிற வேலை அது. மழை வந்தால் அத்தனையும் அள்ளிக்கொண்டு ஓட வேண்டும். பெயர் கடலோரத்து ஊருக்கு, ஏணி மலைக்காரனுக்கு. குறியீட்டை வாங்கிக்கொண்டு விளைகிற இடத்தின் பெயரை விட்டுவிட்டால் எப்படி?

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. கடலில் போனவர்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கும், அந்தத் துயரத்துக்குப் பக்கத்தில் வேறொன்றை வைத்துப் பேச எனக்கு மனசில்லை. ஆனாலும் பதிவுக்காக ஒன்று: அதே புயலில் மலையடிவாரத்தில் ரப்பரும் வாழையும் தெருத்தெருவாகச் சாய்ந்தன. ஒரு ரப்பர் மரம் பால் தர ஏழு வருஷம் ஆகும். மரம் விழுந்த குடும்பம் அடுத்த ஏழு வருஷம் என்ன செய்தது என்று மாவட்ட வரலாற்றில் எங்கே எழுதியிருக்கிறீர்கள்?

2023 ஜூனில் தேனி மாவட்டத்தில் பிடித்த அரிக்கொம்பன் யானையை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து மேல் கோதையாறு, முத்துக்குழிவயல் காட்டில் விட்டார்கள். அன்றைக்குத்தான் முத்துக்குழிவயல் என்ற பெயரைத் தமிழ்நாடு டிவியில் கேட்டது. அதற்கு என்ன சாப்பாடு, ரேடியோ காலர் என்ன சொல்கிறது, எல்லாம் வந்தது. எனக்கும் யானை பிடிக்கும், அது சுகமாக இருக்கட்டும். அந்தக் காட்டைச் சுற்றி மனிதர்கள் இருக்கிறார்களே என்று மலைக்காரர்கள் தங்கள் பயத்தைச் சொன்னபோதுதான் பலருக்கு அங்கே ஆள் இருப்பதே தெரிந்தது. அதற்கு யார் பொறுப்பு? படத்தில் பச்சையடித்தவர்கள்தான், வேறு யார்?

நீங்கள் கேட்கலாம், பெயர் போட்டால் மட்டும் பாலம் வந்துவிடுமா என்று. வராது, தெரியும். ஆனால் பெயர் இல்லாத ஊருக்குக் கண்டிப்பாக வராது. 2006 வன உரிமைச் சட்டத்தில் 3(2) என்று ஒரு பிரிவு இருக்கிறது. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர், மின்கம்பி, சாலை மாதிரி காரியங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராமசபை பரிந்துரை செய்தால் காட்டு நிலத்தை ஒதுக்கலாம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. ‘காட்டுச் சட்டம், ஒன்றும் செய்ய முடியாது’ என்று ஒரு பதிலை நாங்கள் பிறந்த நாளிலிருந்து கேட்கிறோம். செய்ய முடியும் என்று எழுதிவைத்த சட்டமும் அதே காட்டுக்குத்தான். இந்தப் பிரிவின்படி மனு எழுதும்போது எந்த ஊர், எங்கே இருக்கிறது, எத்தனை வீடு என்று கேட்பார்கள். அரசு அச்சடித்த படத்திலேயே அந்த ஊர் இருந்தால் மனு எழுதுகிறவருக்குப் பாதி வேலை மிச்சம்.

இன்னொரு பயமும் எனக்கு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மடலைப் படித்துவிட்டு ஆர்வத்தில் யாராவது ‘காணிக் குடியிருப்பில் ஒரு நாள்’ என்று பேக்கேஜ் போட்டுவிடப் போகிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஊரைப் படத்தில் காட்டச் சொல்கிறேன், ஆளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லவில்லை. காளிகேசத்தில் லீவு நாள் முடிந்து மறுநாள் போய் ஆற்றங்கரையைப் பாருங்கள், பாட்டிலும் பிளாஸ்டிக் தட்டும் கிடக்கும். 402 சதுர கிலோமீட்டர் சரணாலயம் என்று அறிவித்துவிட்டு, அதற்குள் சொந்தத் தோட்டத்துக்குப் போகிற காணிக்காரரிடம் அடையாள அட்டை கேட்கிறார்கள். சுற்றுலா என்றால் மட்டும் கேட் தானாகத் திறக்கும் என்றால் அது நியாயம் இல்லை. வீட்டைத் திறந்து காட்டலாமா, யாருக்கு, எந்த மாதத்தில், என்ன விலைக்கு என்பதை அந்தந்த ஊர்க் கிராமசபை முடிவு பண்ணட்டும். வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்தான். பெயர்கூடப் போட வேண்டாம் என்று ஓர் ஊர் சொன்னால் அதையும் கேளுங்கள்.

அதனால் நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. அடுத்த தடவை வரைபடம் அடிக்கும்போது தோட்டமலை, தச்சமலை, மோதிரமலை, குற்றியாறு, ஆறுகாணி, பத்துகாணி, பாலமோர், மாறாமலை எல்லாம் அதில் இருக்கட்டும், அங்கே இருக்கிறவர்கள் சொல்கிற உச்சரிப்பில். எந்த ஊருக்குப் பஸ் உண்டு, எந்த ஊருக்கு வள்ளம்தான் என்று குறி போடுங்கள், வள்ளம் என்று எழுத உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் அந்தக் கூச்சம் நல்லது, பாலம் வரட்டும். மக்கள் பக்கத்தில் மலையகத் தமிழரைச் சேருங்கள். காணிகளை இறந்தகாலத்தில் எழுதாதீர்கள். தொட்டிப்பாலத்துப் பலகையில் தண்ணீர் புறப்படுகிற இடத்தைச் சொல்லுங்கள். அந்தச் சிரிக்கிற யானையை எடுத்துவிடுங்கள், அல்லது கொஞ்சம் சின்னதாக்கிவிட்டு அந்த இடத்தில் ஊர்ப் பெயரை எழுதுங்கள்.

நவம்பர் 1 வந்தால் எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள் என்று மாலை போடுவீர்கள். 2022-லிருந்து அதே நாள் உள்ளாட்சி நாள் என்று கிராமசபையும் கூடுகிறது. மாலை போட்டு முடித்த கையோடு பேச்சிப்பாறை ஊராட்சி கிராமசபைக்கு வாருங்கள், புதிய வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். கோதையாறு பஸ் அணைப் பக்கம் நிற்கும். காணிக்காரர்களும் எஸ்டேட்காரர்களும் இருப்பார்கள், அவர்களிடம் விரித்துக் காட்டுங்கள். படத்தைப் பென்சிலில் போட்டுக் கொண்டுவந்தால் நல்லது, திருத்தம் நிறைய வரும்.

இப்படிக்கு,
குலசேகரம் பக்கத்து ரப்பர் ஷீட் வியாபாரி